அயல்நாட்டுத் தகவலும் உள்ளூர் விசாரணையும்: இணையவழிக் குழந்தைப் பாலியல் சுரண்டலைத் தடுப்பதில் பன்னாட்டு ஒத்துழைப்பும் பயிற்சியும் – புதுச்சேரியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையவழியில் நிகழும் குழந்தைப் பாலியல் சுரண்டலைக் கண்டறிவதில் பன்னாட்டு ஒத்துழைப்பு இன்று இன்றியமையாத இடத்தைப் பெற்றுள்ளது. அமெரிக்காவிலிருந்தும் இன்டர்போல் அமைப்பிலிருந்தும் வரும் தகவல்களே இந்தியாவில் பதிவாகும் பல வழக்குகளுக்குத் தொடக்கமாக அமைகின்றன. எனினும் அத்தகவல் வழக்காக நிலைபெறுவதும் குழந்தை மீட்கப்படுவதும் உள்ளூர்க் காவல் நிலையம், பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றின் பயிற்சியைப் பொறுத்தவை. இக்கட்டுரை அத்தகவல் பயணிக்கும் வழியை விளக்கி, அம்பத்தூர் வழக்கின் வழி அதன் பலவீனங்களைச் சுட்டி, பன்மொழிச் சூழலும் பிரஞ்சுத் தொடர்பும் கொண்ட புதுச்சேரிக்கு ஏற்ற பயிற்சி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்கிறது. அப்பயிற்சியில் தமிழ்க் கலைச்சொற்களின் பங்கையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைப் பாதுகாப்பு, போக்சோ சட்டம், பன்னாட்டு ஒத்துழைப்பு, இன்டர்போல், புதுச்சேரி, கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் முற்காலத்தில் பெரும்பாலும் ஓர் ஊரின் எல்லைக்குள் நிகழ்ந்து, அவ்வூர்க் காவல் நிலையத்தின் எல்லைக்குள்ளேயே விசாரிக்கப்பட்டது. இணையம் இந்நிலையை மாற்றிவிட்டது. குழந்தை ஓர் ஊரிலும், அதனை மிரட்டுபவர் மற்றொரு நாட்டிலும், படம் சேமிக்கப்பட்டுள்ள கணினி மூன்றாவது நாட்டிலும், அப்படத்தைப் பெறுவோர் பல நாடுகளிலும் இருக்கக்கூடும். குற்றத்தின் கூறுகள் இவ்வாறு பல ஆட்சி எல்லைகளில் சிதறிக் கிடப்பதால், எந்த நாட்டுக் காவல்துறையும் தனித்து நின்று இதனை முழுமையாக விசாரிக்க இயலாது.

இதனால் பன்னாட்டு ஒத்துழைப்பு பற்றிய சட்டவியல் எழுத்துகள் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒப்பந்தங்கள், உடன்படிக்கைகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றையே மையப்படுத்துகின்றன. அத்தகவல் ஒரு சிறிய ஆட்சிப்பகுதியின் காவல் நிலையத்தை வந்தடைந்த பின்னர் என்ன நிகழ்கிறது என்ற வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒத்துழைப்பின் பயன் அதன் கடைசிக் கண்ணியில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அக்கடைசிக் கண்ணி தமிழில் இயங்குகிறது. ஆகவே அதற்கான பயிற்சியும் தமிழில் அமைதல் வேண்டும்.

2. ஒப்பந்தங்களும் சட்டங்களும்

ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பர் 11இல் ஏற்றது. குழந்தைகளை விற்றல், பாலியல் தொழிலில் ஈடுபடுத்துதல், பாலியல் படங்களில் பயன்படுத்துதல் ஆகியவற்றைத் தடுக்கும் விருப்ப நெறிமுறை 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. அதனை இந்தியா 2005 ஆகஸ்டில் உறுதிசெய்தது. உறுப்பு நாடுகள் விசாரணையிலும் சான்று திரட்டுவதிலும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்னும் கடமையை இந்நெறிமுறை விதிக்கிறது.

உள்நாட்டில் இதற்கு இரு சட்டங்கள் அடிப்படையாக உள்ளன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆ பிரிவு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் குழந்தையைக் காட்டும் பாலியல் பதிவுகளை வைத்திருத்தல் தொடர்பான 15ஆம் பிரிவை விரிவாக்கியது. கணினியால் உருவாக்கப்பட்டு உண்மைக் குழந்தையிலிருந்து பிரித்தறிய இயலாத படங்களும் அத்திருத்தத்தால் வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வரையறை முன்பைவிட முக்கியத்துவம் பெறுகிறது.

பன்னாட்டளவில் இணையக் குற்றங்களுக்கென முதலில் தோன்றியது ஐரோப்பிய அவையின் புடாபெஸ்ட் உடன்படிக்கை (2001). இலங்கை 2015இல் அதில் இணைந்தது. இந்தியா அதில் உறுப்பு நாடு அன்று. 2024 டிசம்பர் 24இல் ஐக்கிய நாடுகள் பொது அவை இணையக் குற்றத் தடுப்பு உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. குழந்தைப் பாலியல் பதிவுகளையும், பாலியல் நோக்கில் குழந்தையுடன் இணையவழித் தொடர்பு ஏற்படுத்துவதையும் குற்றமாக்கும் விதிகள் அதில் உள்ளன. நாற்பது நாடுகள் உறுதிசெய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். ஆகவே நிகழ்காலத்தில் இந்தியாவின் ஒத்துழைப்பு, இருநாட்டு ஒப்பந்தங்களையும் அமைப்புகளுக்கிடையிலான புரிந்துணர்வுகளையும் சார்ந்தே நடைபெறுகிறது.

3. தகவல் வரும் வழி

இவ்வகைப் புரிந்துணர்வுகளுள் குறிப்பிடத்தக்கது, இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அமெரிக்காவின் காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துடன் 2019 ஏப்ரல் 26இல் கையொப்பமிட்டதாகும். அம்மையம் 1984இல் தோற்றுவிக்கப்பட்டது. 1998 முதல் சைபர்டிப்லைன் என்னும் தகவல் பெறும் அமைப்பை நடத்தி வருகிறது. தம் தளங்களில் இத்தகைய பதிவுகள் இருப்பதை அறியும் அமெரிக்க இணைய நிறுவனங்கள் அதனை இம்மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

நிறுவனங்கள் இதனை எவ்வாறு அறிகின்றன? ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் ஹாஷ் மதிப்பு என்னும் எண்வரிசை கணக்கிடப்படுகிறது. அதனை இலக்கக் கைரேகை எனலாம். ஒரு பயனர் அதே படத்தைப் பதிவேற்றும்போது கைரேகைகள் ஒத்துப்போகின்றன. 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரித்துடன் இணைந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ என்னும் நுட்பம், படத்தின் அளவோ நிறமோ சிறிது மாற்றப்பட்டாலும் அதனை இனங்காண வல்லது.

இவ்வாறு கண்டறியப்பட்ட தகவல் அமெரிக்க மையத்திலிருந்து இந்திய அமைப்புக்கு வருகிறது. இணைய முகவரியின் அடிப்படையில் மாநிலம் கணிக்கப்பட்டு, அம்மாநில அல்லது ஒன்றிய ஆட்சிப்பகுதிக் காவல்துறைக்கு அனுப்பப்படுகிறது. அங்கிருந்து உரிய காவல் நிலையத்தைச் சென்றடைகிறது. 2019 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் ஒருவர் கைதுசெய்யப்பட்டபோதுதான் இவ்வழி தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது.

இரண்டாவது வழி இன்டர்போல் வழியாகும். அதன் தலைமையகம் பிரான்சின் லியோன் நகரில் உள்ளது. அது 2009 முதல் நடத்திவரும் குழந்தைப் பாலியல் சுரண்டல் தரவுத்தளத்தில் 2022இல் இந்தியா 68ஆவது நாடாக இணைந்தது. இந்தியாவில் இன்டர்போலுக்கான தேசிய மையமாக மத்தியப் புலனாய்வுத் துறை செயல்படுகிறது. நியூசிலாந்து அதிகாரிகள் திரட்டிய தகவல் சிங்கப்பூர் இன்டர்போல் வழியாக இத்துறைக்குக் கிடைத்ததன் பயனாக, 2022 செப்டம்பரில் 'மேக சக்கரம்' என்னும் பெயரில் பல மாநிலங்களில் ஒரே நாளில் சோதனைகள் நடத்தப்பட்டன. 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட பாரத்போல் வலைவாசல், மாநிலக் காவல்துறைகள் இத்துறை வழியாக இன்டர்போல் உதவியை விரைந்து கோர வழிசெய்துள்ளது.

2023ஆம் ஆண்டில் அமெரிக்க மையம் பெற்ற தகவல்கள் ஏறத்தாழ 3 கோடியே 62 இலட்சம். அவற்றுள் இந்தியாவுடன் தொடர்புடையவையாகக் குறிக்கப்பட்டவை ஏறத்தாழ 89 இலட்சம். இவ்வெண்ணை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். ஒரே படம் பலமுறை பகிரப்படும்போது ஒவ்வொன்றும் தனித் தகவலாகப் பதிவாகிறது. மக்கள்தொகையும் இணையப் பயனர் எண்ணிக்கையும் மிகுந்த நாடு பட்டியலில் முன்னிற்பது இயல்பு. ஆகவே இது குற்றங்களின் எண்ணிக்கையும் அன்று, பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் அன்று. ஆயினும் உள்ளூர்க் காவல்துறையின் மேசைக்கு வந்துசேரும் பணிச்சுமையை இது உணர்த்துகிறது. இச்சுமைக்குள் இன்றே மீட்கப்பட வேண்டிய ஒரு குழந்தையைப் பற்றிய தகவலும், பழைய படத்தை அறியாமையால் பகிர்ந்தவர் பற்றிய தகவலும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதே பயிற்சியின் முதற்பணி.

4. அம்பத்தூர் வழக்கு உணர்த்துவது

இக்கண்ணிகள் எங்கே வலுவிழக்கின்றன என்பதை ஒரு வழக்கின் வழி விளங்கிக்கொள்ளலாம். மேற்கூறிய அமெரிக்கத் தகவலின் அடிப்படையில் 2020 ஜனவரியில் சென்னை, அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு வழக்குப் பதிவுசெய்யப்பட்டது. கைப்பேசி கைப்பற்றப்பட்டுத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. குழந்தைகளைக் காட்டும் காணொளிகள் அதில் கண்டறியப்பட்டன. முதல் தகவல் அறிக்கை போக்சோ சட்டத்தின் 14ஆம் பிரிவைக் குறிப்பிட்டது. பின்னர்த் தாக்கலான குற்றப்பத்திரிகை 15ஆம் பிரிவைக் குறிப்பிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆ பிரிவு இரண்டிலும் இடம்பெற்றது.

இரு பிரிவுகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. 14ஆம் பிரிவு, பாலியல் பதிவை உருவாக்கக் குழந்தையைப் பயன்படுத்தியவரைத் தண்டிக்கிறது. 15ஆம் பிரிவு, அத்தகைய பதிவைக் குறிப்பிட்ட நோக்கத்துடன் வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது. 2024 ஜனவரி 11இல் சென்னை உயர்நீதிமன்றம், தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது எனக் கூறி இவ்வழக்கை நீக்கியது. ஜஸ்ட் ரைட்ஸ் ஃபார் சில்ரன் அலையன்ஸ் என்னும் அமைப்பு மேல்முறையீடு செய்தது. 2024 செப்டம்பர் 23இல் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பார்திவாலா ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு உயர்நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்து வழக்கை மீட்டது. உயர்நீதிமன்றம் 15ஆம் பிரிவைக் கருத்தில் கொள்ளத் தவறியதை அது சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்பில் நம் ஆய்வுக்கு உரிய கருத்துகள் மூன்று. முதலாவது, பதிவை அழிக்காமலும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலும் வைத்திருப்பதிலிருந்து அதனைப் பகிரும் நோக்கத்தை ஊகிக்க இடமுண்டு. இரண்டாவது, இணைய நிறுவனங்கள் அமெரிக்க மையத்துக்குத் தகவல் தருவதோடு தம் கடமை முடிந்ததாகக் கொள்ள இயலாது. போக்சோ சட்டப்படி இந்தியக் காவல்துறைக்கும் தெரிவித்தல் வேண்டும். மூன்றாவது, 'குழந்தை ஆபாசம்' என்னும் பொருள்பட வழங்கும் ஆங்கிலத் தொடரை நீதிமன்றங்கள் கைவிட்டு, 'குழந்தைப் பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமைப் பதிவு' என்னும் பொருளுடைய தொடரைப் பயன்படுத்த வேண்டும்.

கடல் கடந்து வந்த தகவல் சரியாகவே வந்துசேர்ந்தது. சான்றும் கிடைத்தது. எனினும் எப்பிரிவு பொருந்தும் என்ற வினா தீர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பன்னாட்டு ஒத்துழைப்பின் வெற்றி, வழக்குப் பதிவுசெய்யும் அலுவலரின் சட்டத் தெளிவையும் சார்ந்துள்ளது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

5. புதுச்சேரியின் தனித்தன்மை

மேற்கூறிய வழக்கு புதுச்சேரிக்கு வெளியே நிகழ்ந்தது. ஆயினும் அதன் தாக்கம் புதுச்சேரிக்கும் உரியது. 1962 முதல் இவ்வாட்சிப்பகுதி சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் உள்ளது. ஆகவே 2024 ஜனவரி முதல் செப்டம்பர் வரை, அவ்வுயர்நீதிமன்றத் தீர்ப்பே புதுச்சேரிக் கீழமை நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் முன்மாதிரியாக இருந்தது.

இவ்வாட்சிப்பகுதியின் அமைப்பு பயிற்சித் திட்டத்துக்குச் சில தனி வினாக்களை எழுப்புகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 12,47,953. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் ஒன்றோடொன்று நிலத்தொடர்பு அற்றவை. மாகே கேரளத்தாலும் ஏனாம் ஆந்திரத்தாலும் சூழப்பட்டவை. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கும், மாகேயில் மலையாளத்துக்கும், ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது. ஒரே காவல்துறை மூன்று மொழிகளில் குழந்தைகளிடம் பேச வேண்டியுள்ளது.

பிரஞ்சுத் தொடர்பு மற்றொரு கூறு. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் கையொப்பமான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் முழுமை பெற்றது. குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை அவ்வொப்பந்தம் அளித்ததால், பிரஞ்சுக் குடியுரிமை உடைய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கு வாழ்கின்றன. 1826இல் தொடங்கப்பட்ட பிரஞ்சு லிசே இன்றும் இயங்குகிறது. ஒரு குடும்பத்தின் உறுப்பினர்கள் புதுச்சேரியிலும் பாரிசிலும் வாழ்வது இங்கு இயல்பான செய்தி. குழந்தைகளின் இணைய உறவுகளும் அவ்வாறே எல்லை கடந்து அமைகின்றன.

இத்தொடர்பு சட்டவழியிலும் ஒரு வாய்ப்பைத் தருகிறது. தம் நாட்டவர் வெளிநாட்டில் குழந்தைகளுக்கு எதிராகப் புரியும் பாலியல் குற்றங்களைப் பிரஞ்சு நீதிமன்றங்களே விசாரிப்பதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டமும் 1998ஆம் ஆண்டுத் திருத்தமும் வழிசெய்தன. இந்தியக் கணினியைத் தொட்டு நிகழும் குற்றத்தை அயல்நாட்டில் இருந்து ஒருவர் செய்தாலும், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவு அவரைக் கட்டுப்படுத்தும். குற்றவியல் வழக்குகளில் பரஸ்பர உதவிக்கான இந்திய-பிரஞ்சு ஒப்பந்தம் 1998இலும், குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2003இலும் கையொப்பமாயின. ஆகவே குற்றவாளி இந்தியாவில் இருந்தாலும் பிரான்சில் இருந்தாலும் சட்டத்தின் கை அவரை எட்டுவதற்கு வழி உள்ளது. அவ்வழியைப் பயன்படுத்தக் கோரிக்கையை எவ்வாறு எழுத வேண்டும், யார் வழியாக அனுப்ப வேண்டும் என்பதை அறிந்த அலுவலர்கள் உள்ளூரில் இருத்தல் வேண்டும். நீதிமன்றத்தின் வேண்டுகோள் கடிதம் ஒன்றிய உள்துறை அமைச்சகம் வழியாகவே செல்லும். காவல்துறைத் தகவல் பரிமாற்றம் இன்டர்போல் வழியாகச் செல்லும். முன்னது நீதிமன்றத்தில் சான்றாகும். பின்னது விசாரணைக்குத் துப்பாகும். இவ்வேறுபாடு அறியப்படாதபோது மாதங்கள் வீணாகின்றன.

6. பயிற்சி: யாருக்கு, எதில்?

பயிற்சி அரசின் விருப்பத்தைச் சார்ந்தது அன்று. அது சட்டக் கடமை. போக்சோ சட்டத்தின் 43ஆம் பிரிவு, அரசு அலுவலர்களுக்கும் காவலர்களுக்கும் காலமுறைப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என விதிக்கிறது. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றத் தடுப்புத் திட்டத்தின் கீழ் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு இணையத் தடய ஆய்வு மற்றும் பயிற்சிக் கூடங்களை அமைக்க நிதியளித்தது. அவ்வாறு கூடம் அமைந்த பகுதிகளுள் புதுச்சேரியும் ஒன்று. சைட்ரெயின் என்னும் இணையவழிப் பாடத்தளமும் காவலர்களுக்கு உள்ளது. இவ்வடித்தளத்தின் மீது எழுப்பப்பட வேண்டிய பாடங்களை நான்காகப் பகுக்கலாம்.

6.1 காலமும் சான்றும்

அயல்நாட்டுத் தகவலில் நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படுகிறது. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முன்னதாகும். கைப்பேசி இணையத்தில் ஒரே முகவரியை ஒரே வேளையில் பல பயனர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். ஆகவே சரியான நொடியும் இணைப்பு வாயில் எண்ணும் இன்றிப் பயனரைக் கண்டறிய இயலாது. நேர மாற்றத்தில் நேரும் ஒரு பிழை, குற்றமற்ற ஒருவரின் வீட்டு வாயிலுக்குக் காவல்துறையைக் கொண்டு சேர்த்துவிடும்.

தரவுகள் நெடுநாள் காத்திருப்பதில்லை. கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவின் 2022 ஏப்ரல் ஆணை, செயல்பாட்டுப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. தாம் தெரிவித்த தகவலின் உள்ளடக்கத்தை அமெரிக்க நிறுவனங்கள் காக்க வேண்டிய காலம் 90 நாளாக இருந்தது. 2024 மே மாதச் சட்டத்தால் அது ஓர் ஆண்டாயிற்று. தகவல் ஒரு மேசையில் தேங்கும் ஒவ்வொரு வாரமும் இக்காலத்தில் கழிகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுடன் ஹாஷ் மதிப்பு குறிக்கப்பட்ட சான்றிதழையும் கோருகிறது. இதனை அறியாது கைப்பற்றப்பட்ட கைப்பேசி நீதிமன்றத்தில் பயனற்றுப்போக நேரிடும்.

6.2 குழந்தையை இனங்காணுதல்

பன்னாட்டுப் பயிற்சிகளில் இன்று முதன்மை பெறுவது, குற்றவாளியைத் தேடுவதற்கு முன் குழந்தையைத் தேடும் முறையாகும். படத்தின் பின்னணியில் உள்ள பொருள்களைக் கொண்டு இடம் கணிக்கப்படுகிறது. யூரோபோல் 2017 முதல் அத்தகைய பொருள்களை மட்டும் பிரித்தெடுத்துப் பொதுமக்களிடம் காட்டி, அவை எந்நாட்டுக்கு உரியவை எனக் கேட்டு வருகிறது. நாள்காட்டித் தாள், பள்ளிச் சீருடை, கடைப் பை, மின்செருகி ஆகிய எதுவும் துப்பாகலாம்.

இங்குத் தமிழறிவு நேரடியாகப் பயன்படும். ஒரு பதிவில் கேட்கும் பேச்சு யாழ்ப்பாணத்துக்கு உரியதா, காரைக்காலுக்கு உரியதா, மலேசியாவுக்கு உரியதா என்பதை லியோனில் உள்ள ஆய்வாளர் அறிதல் அரிது. வட்டாரவழக்கு ஆய்வில் தேர்ந்த ஒருவருக்கு அது சில வாக்கியங்களில் விளங்கும். காவல்துறை உரிய சட்ட நடைமுறையின்படி எழுத்துப்பெயர்ப்பையோ, பிரித்தெடுத்த ஒலித்துணுக்கையோ அளித்து மொழியியலாளரின் கருத்தைப் பெறும் ஏற்பாடு ஒன்று புதுச்சேரியில் உருவாக்கத்தக்கது. படத்தைப் பார்க்க வேண்டிய தேவை மொழியியலாளருக்கு இல்லை. அவர் அதனைப் பார்க்கவும் கூடாது.

6.3 கேட்டலும் பதிதலும்

போக்சோ சட்டத்தில் மொழி பற்றிய விதிகள் பல உள்ளன. குழந்தை அளிக்கும் தகவலை அது விளங்கிக்கொள்ளும் எளிய மொழியில் பதிய வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு; தேவையெனில் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவும் சொல்கிறது. சீருடையற்ற அலுவலர், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், வாக்குமூலம் பெற வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. குழந்தை கூறியவாறே பதிய வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு.

நடைமுறையில் குழந்தைகள் சட்டச் சொற்களைக் கூறுவதில்லை. 'அசிங்கமா பேசுனாரு', 'போட்டோ கேட்டாங்க', 'சொல்லிடுவேன்னு மிரட்டுனாங்க' என்றே கூறுவர். பதிபவர் இதனைப் 'பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்' என மாற்றி எழுதும்போது குழந்தையின் கூற்று மறைகிறது. குறுக்கு விசாரணையில், தான் கூறாத சொல்லுக்குப் பொருள் கூற முடியாமல் அக்குழந்தை திகைக்கிறது. அங்கு வழக்கும் தளர்கிறது. கேட்டதைக் கேட்டவாறு எழுதுதல் என்னும் எளிய திறனே இங்குத் தேவை. அதற்கும் பயிற்சி வேண்டும்.

6.4 பள்ளியும் குடும்பமும்

குழந்தை முதலில் காவல் நிலையத்துக்கு வருவதில்லை. தோழியிடமோ ஆசிரியரிடமோ அன்னையிடமோ சொல்கிறது. அவ்வேளையில் இரு தவறுகள் நிகழ வாய்ப்புண்டு. மானம் கருதி எல்லாவற்றையும் உடனே அழித்துவிடுதல் ஒன்று. அதனால் மிரட்டியவரைக் கண்டறியும் சான்று அழிகிறது. பிறரிடம் கருத்துக் கேட்பதாக எண்ணிப் படத்தைத் தலைமையாசிரியருக்கோ உறவினருக்கோ அனுப்புதல் மற்றொன்று. அது அனுப்புபவரையே சட்டச் சிக்கலில் ஆழ்த்துவதோடு குழந்தைக்கு இரண்டாம் முறை தீங்கிழைக்கிறது. கைப்பேசியை அப்படியே காத்து, எதனையும் பகிராமல், 1098 குழந்தை உதவி எண்ணிலோ 1930 இணையக் குற்ற உதவி எண்ணிலோ, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தெரிவிப்பதே முறையாகும். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்காதிருத்தல் 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நிறுவனத் தலைவருக்கு ஓர் ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

இத்துறையில் அருகிலுள்ள முன்மாதிரி கேரளமாகும். அம்மாநிலக் காவல்துறை இன்டர்போல் உதவியுடனும், காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான பன்னாட்டு மையத்தின் உதவியுடனும் பயிற்சி பெற்ற தனிப்பிரிவை அமைத்து, 'பி-ஹன்ட்' என்னும் பெயரில் தொடர் நடவடிக்கைகளை மேற்கொண்டு வருகிறது. மாகே கேரளத்தால் சூழப்பட்டிருத்தலின், அப்பயிற்சி அனுபவத்தைப் புதுச்சேரி பகிர்ந்துகொள்வது எளிது. மலையாளத்தில் உருவான பாடங்கள் மாகேக்கு அவ்வாறே பயன்படும். தமிழ்ப் பாடங்கள் புதிதாக எழுதப்பட வேண்டும்.

7. கலைச்சொற்களின் பங்கு

தமிழ்ப் பாடங்களை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் முதல் தடை சொற்களாகும். தமிழ் இதழ்களில் 'குழந்தை ஆபாசப் படம்' என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது. ஆபாசம் என்பது பார்ப்பவரின் ஒழுக்க உணர்வை உறுத்துவதைக் குறிக்கும் சொல். அச்சொல்லால் தீங்கு பார்ப்பவருக்கு நேர்வதாகத் தோன்றுகிறது. படத்தில் உள்ள குழந்தைக்கு நேர்ந்த வன்கொடுமை மறைகிறது. மேலும் ஆபாசப் படங்களுள் அதுவும் ஒருவகை என்னும் எண்ணத்தையும் அது தோற்றுவிக்கிறது. 2016இல் வெளியான லக்சம்பர்க் வழிகாட்டு நெறிகளும் 2024 உச்சநீதிமன்றத் தீர்ப்பும் ஆங்கிலத் தொடரை விலக்கியதற்கு இத்தகைய காரணமே அடிப்படை. தமிழில் 'குழந்தைப் பாலியல் சுரண்டல் பதிவு' என்னும் தொடர் பொருத்தமானது. 'பதிவு' என்பது ஒரு குற்றம் நிகழ்ந்தமைக்கான சான்று என்னும் பொருளையும் உடன் தருகிறது.

குழந்தையின் நம்பிக்கையை மெல்லப் பெற்றுப் பாலியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கு நிலைத்த தமிழ்ச்சொல் இல்லை. 'க்ரூமிங்' என்றே எழுதப்படுகிறது. 'நம்பவைத்து வசப்படுத்தல்' எனலாம். அந்தரங்கப் படத்தை வெளியிடுவதாக அச்சுறுத்துவதைப் 'படத்தைக் காட்டி மிரட்டல்' என எளிமையாகக் கூறலாம். ஒரு சொல்லின் நயத்தைவிட, பத்து வயதுக் குழந்தைக்கும் தலைமைக் காவலருக்கும் அது ஒரே பொருளைத் தருகிறதா என்பதே இங்கு அளவுகோல். தனக்கு நேர்வதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை அறியாத குழந்தை அதனைப் பிறரிடம் கூறத் தயங்கும். ஆகவே கலைச்சொல்லாக்கம் இங்குக் குழந்தைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது.

8. முடிவுரை

இணையவழிக் குழந்தைப் பாலியல் சுரண்டலைக் கண்டறியும் பன்னாட்டு அமைப்பு கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. 2019ஆம் ஆண்டுப் புரிந்துணர்வும் 2022ஆம் ஆண்டுத் தரவுத்தள இணைப்பும் இந்தியாவை அவ்வமைப்பின் பகுதியாக்கின. தகவல் வருவது இன்று சிக்கல் அன்று. வந்த தகவலைக் காலத்தே பிரித்தறிதல், உரிய பிரிவில் பதிதல், சான்றைக் காத்தல், குழந்தையின் சொல்லை மாற்றாது எழுதுதல் ஆகியவையே சிக்கல்கள் என்பதை அம்பத்தூர் வழக்கும் போக்சோ சட்ட விதிகளும் புலப்படுத்துகின்றன.

புதுச்சேரி சிறிய ஆட்சிப்பகுதி. அதன் காவல் நிலையங்களும் பள்ளிகளும் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே அனைவருக்கும் பயிற்சி அளித்தல் இங்கு எட்டக்கூடிய இலக்கு. தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளில் ஒரே பாடத்தை உருவாக்குதல், பிரஞ்சு அமைப்புகளுடன் கோரிக்கைகளைப் பரிமாறத் தேர்ந்த அலுவலர்களை அமர்த்துதல், வட்டாரவழக்கு வல்லுநர்களின் துணையைப் பெறுதல் ஆகியவற்றை முதற்கட்டப் பணிகளாகக் கொள்ளலாம். இவற்றுள் பாடநூல் ஆக்கமும் சொல்லாக்கமும் வட்டாரவழக்கு ஆய்வும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்கவை. இவ்வழக்குகளின் தமிழ் வாக்குமூலப் பதிவு முறைகளை, குழந்தைகளின் அடையாளம் வெளிப்படாவண்ணம் நீதிமன்ற இசைவுடன் ஆராய்வது அடுத்தகட்ட ஆய்வுக்குரிய களமாகும்.